விசாகத்துக்குத் திருச்செந்தூர் வருபவர்களுக்கு, உள்ளூர்க்காரி சொல்லும் சில யோசனைகள்

வைகாசி பிறந்ததுமே எங்கள் வீட்டு போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "யம்மா, விசாகத்துக்கு நாங்க ஒரு எட்டுப் பேரு வாறோம், பெருசா ஒண்ணும் செய்ய வேண்டாம், ஒரு ரசம் வச்சாப் போதும்" என்பார் கோவில்பட்டி சித்தப்பா. எட்டு என்றால் நான் பன்னிரண்டு என்று எழுதிக்கொள்வேன். நான் அம்பாசமுத்திரத்தில் இருந்து இங்கே வாழ வந்து பதினான்கு வருஷம் ஆகிறது, இதுவரை அந்தக் கணக்கு தப்பியதே இல்லை. வருகிறவர்களிடம் ஒவ்வொரு வருஷமும் போனில் சொல்வதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் இந்தத் தடவை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஊரின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் திருச்செந்தூரின் மக்கள்தொகை 32 ஆயிரம் சொச்சம்தான். 2021-இல்தான் பேரூராட்சி நகராட்சியானது. கடலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் நாலு ரத வீதி, ஒரு மார்க்கெட், சில சந்துகள், அவ்வளவுதான். இந்தச் சின்ன ஊருக்குள் விசாகத்தை ஒட்டி லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். ஆகவே அந்த வாரத்தில் காசு இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நினைக்காதீர்கள். எதை எந்த நேரத்தில் செய்வது என்று தெரிந்தவர்களுக்குத்தான் எல்லாம் நடக்கும்.

சரி, என்றைக்கு வருவது? விசாகம் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ விழும். 2024-இல் மே 22, 2025-இல் ஜூன் 9. அதற்கு முந்தின நாட்களெல்லாம் சேர்த்துப் பத்து நாள் வசந்தத் திருவிழா, பத்தாம் நாள்தான் விசாகம். உங்களுக்கு நேர்ச்சை இருக்கிறது, காவடியோ பால்குடமோ எடுத்தாக வேண்டும் என்றால் அன்றைக்குத்தான் வர வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் முருகனை நிம்மதியாக ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும், பிள்ளைகளைக் கடலில் குளிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் திருவிழாவின் முதல் நாலைந்து நாட்களில், அதுவும் சனி ஞாயிறைத் தவிர்த்து வாருங்கள். கூட்டம் அப்போதும் இருக்கும், ஆனால் வரிசை நகரும். விசாகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பாதயாத்திரைக் கூட்டம் எல்லா ரோட்டில் இருந்தும் ஒரே நேரத்தில் வந்து சேர ஆரம்பிக்கும், அப்புறம் வரிசை வரிசையாக இருக்காது.

சென்னையில் இருந்து வருகிறவர்களுக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும், திறந்த அன்றைக்கே போட்டுவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலை நம்பிப் பத்துப் பேரைக் கிளப்பிக்கொண்டு வராதீர்கள். அது கிடைக்காவிட்டால் திருநெல்வேலி வரைக்கும் எந்த ரயில் கிடைக்கிறதோ அதில் வந்து, அங்கிருந்து பாசஞ்சரிலோ பஸ்ஸிலோ வரலாம், 60 கிலோமீட்டர்தான். காரில் வருவதாக இருந்தால் இரண்டு விஷயம். ஒன்று, விசாகத்துக்கு வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். தற்காலிகப் பஸ் நிலையமும் நெல்லை ரோடு, தூத்துக்குடி ரோடு, நாகர்கோவில் ரோடு என்று தனித்தனியாக வந்துவிடும், அங்கிருந்து நடைதான். இரண்டாவது, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்: இரவில் அந்த ரோடுகளில் ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலோடு நடந்து வருவார்கள். பச்சை வேட்டி, காவி வேட்டி எல்லாம் இருட்டில் தெரியாது. வெயில் தாங்காமல் ராத்திரியில் நடக்கிறவர்கள் விடியற்காலை மூன்று மணிக்குக் களைத்துப்போய் ரோட்டின் ஓரத்தைத் தாண்டி உள்ளே வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வேகம் வேண்டாம். முடிந்தால் பகலிலேயே வந்து சேருங்கள்.

தங்குவதற்கு லாட்ஜில் விலை ஏறிவிடும், அது தெரிந்த கதை. போனில் ஒரு விலை சொல்லி, வந்து இறங்கியதும் இன்னொரு விலை சொன்ன லாட்ஜ்காரரிடம் என் நாத்தனார் அரை மணி நேரம் நின்று சண்டை போட்டிருக்கிறாள். முன்பணம் கட்டியதற்கு ரசீதோ, குறைந்தபட்சம் ஒரு மெசேஜோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம், கடற்கரை மணலில் ஜமுக்காளம் விரித்துத் தூங்குகிறவர்கள்தான் அன்றைக்கு அதிகம், காற்று அங்கேதான் இருக்கிறது.

உறவினர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? அப்படியானால் உண்மையான ஆள் கணக்கைச் சொல்லுங்கள். போர்வையும் துண்டும் கொண்டு வாருங்கள். வீட்டில் ஒரே கழிப்பறை இருக்கும், காலை நாலரை மணிக்கு அதன் வாசலில் நடக்கும் வரிசை கோயில் வரிசையைவிட மோசம், ஆகவே பல் தேய்ப்பது, தலை வாருவது எல்லாவற்றையும் பின்வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தயவுசெய்து திருநெல்வேலி அல்வா வாங்கி வராதீர்கள். போன வருஷம் எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் ஏழு பாக்கெட் அல்வா இருந்தது, மோர் வைக்க இடம் இல்லை. அதற்குப் பதில் ஒரு தேங்காய், ஒரு கிலோ தக்காளி, ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்தால் வீட்டுக்காரி உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவாள். அந்த வாரம் மார்க்கெட்டில் காய்கறி விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இனி கோயில். எல்லாரும் முதலில் ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டு அதை நோக்கி நடப்பார்கள். ஒன்பது நிலைக் கோபுரம், கடல் கிழக்கே இருப்பதால் அது மேற்கே நிற்கிறது, ஆனால் அந்த வாசல் வழக்கமாக மூடியே இருக்கும். வழி தெற்கே சண்முகவிலாசம் பக்கம். திருவிழா சமயத்தில் கம்பு கட்டி வரிசையை எங்கெங்கோ சுற்றிவிடுவார்கள் என்பதால், போலீஸ் காட்டும் பக்கம் போங்கள், கோபுரத்தை நம்பிப் போகாதீர்கள்.

கோயிலுக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. 2022-இல் நீதிமன்றம் உத்தரவு போட்டதில் இருந்து இதுதான் நடைமுறை. போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள்கூட அதன் விளைவை யோசிப்பதில்லை. உள்ளே நுழைந்த பத்தாவது நிமிஷம் குடும்பம் இரண்டாகப் பிரியும். கண்டிப்பாகப் பிரியும். கூப்பிட போன் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பெரியத்தை அப்படித்தான் பிரிந்துவிட்டார். எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், கொழுந்தன் ஒரு பக்கம், நான் கடற்கரையில், ஒலிபெருக்கியில் பேர் சொல்லி மூன்று முறை அறிவித்தாயிற்று. யாருடைய பேரைத்தான் அந்த இரைச்சலில் கேட்க முடியும்? நாலு மணி நேரம் கழித்து நாழிக்கிணற்றுப் பக்கம் ஒரு பாதயாத்திரைக் குழுவின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொன்னையில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீங்கதான்டி தொலைஞ்சு போனீங்க, நான் இங்கயேதான் இருக்கேன்" என்றார். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் முறை. கிளம்பும் முன் ஒரு இடம் பேசி வைப்போம், கோயிலுக்கு வெளியே, நிழல் இருக்கிற, உட்கார முடிகிற இடமாக. "கோபுரத்துக்குக் கீழே" என்று சொல்லக் கூடாது, அங்கே பத்தாயிரம் பேர் அதையே சொல்லியிருப்பார்கள். ஊருக்குள் இருந்து கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிற தூண்டுகை விநாயகர் கோயில் எங்களுக்குத் தோதாக இருக்கிறது, சன்னிதிக்குப் போகும் முன் அவரைத்தான் முதலில் கும்பிடுவது வழக்கம் என்பதால் வயதானவர்களுக்கும் இடம் மறக்காது. எத்தனை மணி வரை காத்திருப்பது, அதற்கு மேல் வராவிட்டால் யார் வீட்டுக்குத் திரும்புவது என்பதையும் சொல்லிவிடுவோம். பெரியவர்களின் முந்தியில் போன் நம்பர் எழுதிய சீட்டு, பிள்ளைகளின் முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் நம்பர். பத்து நிமிஷ வேலை இது.

கடலுக்கு வருவோம். விசாகம் பௌர்ணமியை ஒட்டியே வரும் என்பதால், இங்கே கடல் உள்வாங்குவதும் அந்த நாட்களில் நடக்கும். திடீரென்று நூறு அடி தூரம் தண்ணீர் பின்னால் போய்விட, அதுவரை மறைந்திருந்த பாறைகள் வெளியே வந்து பச்சைப் பாசியோடு பளபளக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாசி எண்ணெய் தடவின தோசைக்கல் மாதிரி. அதன் மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கப்போய் முட்டியை உடைத்துக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். பாறை பக்கம் போகாதீர்கள், மணல் உள்ள இடமாகப் பார்த்துக் குளியுங்கள். அங்கேயும் அரிப்பினால் கரை திடீரென்று படிக்கட்டு மாதிரி இறங்குகிறது, முதலில் ஒரு பெரியவர் இறங்கி ஆழம் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை இறக்குங்கள். இடுப்பளவுக்கு மேல் வேண்டாம். சொறிமீன் பட்டு எரிந்தால் கையால் தேய்க்காமல் கடல் தண்ணீரையே விட்டுக் கழுவிவிட்டு மருத்துவ முகாமுக்குப் போங்கள், திருவிழா நாட்களில் பக்கத்திலேயே இருக்கும்.

கடலில் முழுகிவிட்டு நாழிக்கிணறு, அதுதான் முறை. பெரிய கிணற்றுக்குள் படி இறங்கிப் போனால் ஒரு அடிச் சதுரத்தில் ஒரு சின்னக் கிணறு, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர். அங்கே படி எப்போதும் ஈரம், ஆச்சிமார்களை அவசரப்படுத்தாதீர்கள். இவை இரண்டையும் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஏழரைக்கு மேல் தரை சூடேற ஆரம்பிக்கும், ஒன்பதுக்கு வெறுங்காலோடு நிற்க முடியாது. செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் தொலையாது, ஆனால் திரும்பும்போது வெந்துபோவீர்கள், ஆகவே பழைய செருப்பு, தொலைந்தாலும் வருத்தம் இல்லாத செருப்பு.

மொட்டை போடுவதானால் கோயில் முடிகாணிக்கைக் கூடத்திலேயே போடுங்கள், 2021-இல் இருந்து அறநிலையத்துறைக் கோயில்களில் அதற்குக் கட்டணம் கிடையாது. கைக்குழந்தைக்குப் போட்டால் சந்தனத்தைத் தடவி, மேலே ஒரு நனைத்த வெள்ளைத் துணி. வெயிலில் அந்தப் பச்சைத் தலையோடு தூக்கிக்கொண்டு அலையாதீர்கள்.

வரிசையில் நிற்கும்போது தேவைப்படுவது கொஞ்சம்தான்: தண்ணீர், கடலைமிட்டாய், ஒரு பனை ஓலை விசிறி. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் வேட்டியும் துண்டுமாகவே வந்துவிட்டால் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கும் வேலை இல்லை. "சீக்கிரம் பார்க்க வைக்கிறேன், தலைக்கு இவ்வளவு" என்று வழியில் வந்து பேசுகிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள், எங்கள் சித்தப்பா கொடுத்துவிட்டு அதே வரிசையின் வாலில்தான் நின்றார். வெளியே வரும்போது பன்னீர் இலையில் விபூதி வாங்க மறக்காதீர்கள், அதுதான் இந்த ஊர்ப் பிரசாதம். அன்னதானக் கூடத்தில் சாப்பிடுவதும் நல்லதுதான், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வழக்கமாகக் காலை ஐந்து மணிக்குத் திறக்கும் நடை, விசாகத்தன்று ராத்திரி ஒரு மணிக்கே திறந்துவிடும். அதற்காக முந்தின நாள் சாயங்காலமே வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நேர்ச்சை இல்லாதவர்கள் அன்றைக்கு அந்த வரிசையில் நிற்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மூன்று நாள் நடந்து கால் வெடித்து வந்தவருக்கு முன்னால், ஏசி காரில் வந்து இறங்கிய நாம் ஏன் நிற்க வேண்டும்? அன்றைக்கு வெளியே இருந்து பார்ப்பதற்கே அவ்வளவு இருக்கிறது. முக்கியமாகச் சாயங்காலம் வசந்த மண்டபம். பராசர முனிவரின் பிள்ளைகள் ஆறு பேர் சாபத்தால் மீனாகிப் போனார்கள், அவர்களுக்கு முருகன் சாபவிமோசனம் கொடுக்கிறார். அதை அங்கே தண்ணீர், பொம்மை மீன் எல்லாம் வைத்து நடத்திக் காட்டுவார்கள். சுவாமி ஜெயந்திநாதர், அதாவது வீதியுலா வரும் முருகன், மண்டபத்தை 11 முறை சுற்றி வருவார். வெயில் காலத்தில் சாமியைக் குளிர்விக்கிற திருவிழா இது, நாம் அடிக்கிற வெயிலில் கூடவே நின்று வேர்த்து வழிகிறோம். என் மகளுக்கு அந்த மீனைப் பார்க்காவிட்டால் விசாகமே இல்லை. நாலு மணிக்கே போய் இடம் பிடித்துவிடுங்கள், பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொள்ள ஒரு மாமாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

நடுப்பகல் பதினொன்றில் இருந்து நாலு வரை ஒன்றும் செய்யாதீர்கள். படுத்துத் தூங்குங்கள். ஊர்க்காரர்கள் நாங்கள் அப்படித்தான் பிழைக்கிறோம். தூக்கம் வராதவர்கள், வண்டி இருந்தால், தெற்கே 18 கிலோமீட்டர் போல இருக்கிற மணப்பாடு போய்விட்டு வரலாம். மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, அங்கே கூட்டமும் இருக்காது. வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். உடைத்துப் பார்த்தால் சீனி மாதிரி மினுங்கக் கூடாது என்பது எங்கள் அத்தையின் கணக்கு. கடைக்காரர்கள் உடைக்க விடமாட்டார்கள், அத்தை உடைத்துவிட்டுத்தான் விலையே கேட்பார்.

பதனீர் குடிக்காமல் போகாதீர்கள், சீசன் முடியப் போகிற நேரம் அது. விடிகாலையில், பனை ஓலைப் பட்டையில் ஊற்றித் தருகிறவரிடம், நுங்கைச் சீவிப் போட்டுக் குடிக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் பாட்டிலில் விற்பதை நான் வாங்குவதில்லை. மீன் கேட்டு வருகிறவர்களும் உண்டு, இரண்டு நாள் விரதம் முடிந்ததும் நாக்கு தேடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன்தான் வரும், விலையும் அதற்கேற்ற மாதிரி. விசாக வாரத்தில் எங்கள் அடுப்பில் மீன் ஏறாது, கேட்காதீர்கள்.

வீட்டில் ஆட்களை வைத்துச் சமைக்கப் போகிற உள்ளூர்ப் பெண்களுக்கு இரண்டு வார்த்தை. ஆளுக்கு ஐந்து இட்லி என்று மாவுக் கணக்கு போடுங்கள். இந்தப் புழுக்கத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு அரைத்த மாவு பதினொன்றுக்கே பொங்கி வழிந்துவிடும், காலையில் எழுந்தால் புளித்த வாசம் தெருமுனை வரை. நான் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் அரைப்பேன், உப்பைக் காலையில் போடுவேன், மாவுப் பாத்திரத்தை ஒரு அகலச் சட்டித் தண்ணீரில் இறக்கி வைப்பேன். மதியத்துக்குச் சாம்பார், கூட்டு, பொரியல் என்று இறங்காதீர்கள், யாரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள். புளியோதரையும் கூட்டாஞ்சோறும் செய்து மூடி வைத்துவிட்டால் வருகிறவர் வருகிறபோது போட்டுக்கொள்வார். வாசலில் ஒரு மண்பானை நீர்மோர், பக்கத்தில் ஒரு டம்ளர். தெரியாத ஆட்களும் குடித்துவிட்டுப் போவார்கள், போகட்டும்.

திரும்பிப் போகும்போது விசாகத்தன்று ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் கிளம்பாதீர்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் பஸ் ஏறுவார்கள். இன்னொரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் போங்கள். ரயில் இங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் கொஞ்சம் முன்னால் போனால் முன்பதிவு இல்லாத பெட்டியிலும் உட்கார இடம் கிடைக்கும்.

அந்த ராத்திரி தங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. மறுநாள் விடியற்காலை நானும் அத்தையும் மட்டும் கோயிலுக்குப் போவோம். தெருவெல்லாம் பூவும் காகிதத் தட்டும் மணலுமாகக் கிடக்கும், நகராட்சிக்காரர்கள் குவித்துக் குவித்து அள்ளிக்கொண்டிருப்பார்கள். பத்து நாளாக வீட்டில் அவ்வளவு பேர் வந்து போயும், எங்களுக்கு அன்றைக்குத்தான் தரிசனம். போன தடவை கும்பிட்டுவிட்டு ஏழு மணிக்கெல்லாம் திரும்பி, வீடு முழுக்கக் கிடந்த கடல் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது, கோவில்பட்டி சித்தப்பா. "யம்மா, என் கண்ணாடியை அங்க எங்கயும் வச்சேனா பாரு?"

ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. அல்வா பாக்கெட்டுக்கு அடியில்.